கொழும்புச் சம்பளமும் கொக்குவில் வாடகையும்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள். கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 29. வட மாகாணப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். கைக்கு 62,000 ரூபா வருகிறது. கணவருக்கு 32 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டும் ஒன்பது மாதமும் வேலை செய்திருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 85,000 ரூபா. கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு நிறுவனம் அவருக்கு 165,000 ரூபா தருவதாகச் சொல்லி, அடுத்த மாதமே வரும்படி கேட்கிறது. இங்கே வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். 28,000 ரூபா வாடகையை 40,000 ஆக்கப் போவதாக அவருடைய தம்பி சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீடொன்று 90,000 ரூபாவுக்கு இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் 6,000, ஒரு வருட முற்பணம். எங்களிடம் 7 இலட்சம் சேமிப்பு உண்டு. மிகுதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். நான் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போய், அங்கே ஏதாவது தனியார் பாடசாலையில் சேரலாம் என்பதும் அவருடைய எண்ணம். அம்மா மானிப்பாயில் இருக்கிறார். பிள்ளை பற்றியும் யோசிக்கிறோம். போகலாமா?

வாசகி, கொக்குவில்

பதில்:

அன்பான சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்திலேயே இந்தத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு வேலையை உங்கள் கணவர் மறுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் வேலை மாறுவது, நீங்கள் பதவி விலகுவது, வெள்ளவத்தையில் வீடு எடுப்பது ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே முடிவாகச் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். முதலாவது சரிவராவிட்டால் அவர் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். மூன்றாவதில் கொஞ்சப் பணம் நட்டப்படலாம். இரண்டாவதை மட்டும் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆகவே மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய காலத்தில் முடிவு செய்யுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் கணவரின் 85,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமாக 6,800 ரூபா கழிய 78,200 கைக்கு வருகிறது. உங்கள் 62,000 ரூபாவைச் சேர்த்தால் 140,200. வாடகை 28,000 போக, உணவு முதலான எல்லாச் செலவுக்கும் உங்களிடம் மிஞ்சுவது 112,200 ரூபா. வாடகை 40,000 ஆனால் அது 100,200 ஆகும்.

கொழும்பில் 165,000 ரூபா முழுவதற்கும் சேமலாப நிதி கழிக்கப்பட்டால் 13,200 ரூபா போகும். 2025 ஏப்ரல் முதல் மாதத்துக்கு 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை; அதற்கு மேற்பட்ட 15,000 ரூபாவுக்கு முதற்படி விகிதமான 6 சதவீதத்தில் 900 ரூபா வரி வரும். ஆகக் கைக்கு வருவது 150,900. வாடகையும் பராமரிப்பும் சேர்ந்த 96,000 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 54,900 ரூபா. நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் போனால் இருவரும் இந்தத் தொகைக்குள்தான் வாழ வேண்டும். இன்றைய நிலையை எட்டிப் பிடிப்பதற்கே தனியார் பாடசாலை உங்களுக்கு மாதம் 57,300 ரூபா கைக்குத் தர வேண்டும். அவ்வளவு தரும் பாடசாலை கிடைத்தாலும், ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தரப் பதவியைக் கொடுத்து நீங்கள் வாங்கியது பழைய நிலையை மட்டுமே. உங்களுக்கு இடமாற்றம் கிடைத்து இருவரும் சம்பளத்தோடு அந்த வெள்ளவத்தை வீட்டில் இருந்தால்கூட மிஞ்சுவது 116,900 ரூபா, அதாவது இன்றைக்கு இருப்பதைவிட 4,700 ரூபா கூடுதல். முச்சக்கர வண்டிக்கே அது போதாது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உங்கள் கணவர் சோர்ந்து போகத் தேவையில்லை. இது முதல் மாதத்துக் கணக்கு. அவர் யோசிப்பது மூன்றாம், ஐந்தாம் ஆண்டை, அதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கணக்குத் துறையில் ஒருவர் வங்கி, நிதி நிறுவனம், பெரிய கடை, ஹோட்டல், தொண்டு நிறுவனம் என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்ற வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர் ஓய்வு பெறும் வரை பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் நிலை பல இடங்களில் உண்டு. கொழும்பில் மூன்றாண்டு அனுபவத்தோடு இன்னொரு நிறுவனத்துக்கு மாறலாம், அந்த மாற்றத்திலேயே சம்பளம் உயரலாம். அதற்குச் சிங்களத்தில் பேசி வேலை வாங்கும் அளவுக்குப் பழக்கம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும் கூட்டங்களில் வாய் திறக்க முடியாமல் பின்வரிசையில் தங்கிவிட்ட நம்மவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நிறுவனத்திடம் அவர் கேட்க வேண்டியவையும் உண்டு. 165,000 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, எத்தொகைக்குச் சேமலாப நிதி கணக்கிடப்படும் என்று எழுத்தில் கேட்கட்டும். தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதமும் அந்தத் தொகையைப் பொறுத்தவை. முழுத் தொகைக்கும் செலுத்தினால் சேமலாப நிதியில் மட்டும் மாதம் 19,800 ரூபா அவர் பெயரில் சேரும், இப்போது சேர்வது 10,200. கொழும்புப் பக்கத்துக்கு உண்மையாகவே வலுச் சேர்க்கும் விடயம் இது, ஆனால் உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அது முடிந்ததும் சம்பளம் திருத்தப்படுமா என்பதையும் கேட்க வேண்டும்.

அடுத்து, அவர் அவசரப்பட்டால் கைவிட்டுப் போகக்கூடிய ஒரு தொகை இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவர் விலகும்போது, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பெற உரித்துடையவர். தானாகவே பதவி விலகினாலும் இந்த உரித்து உண்டு. அவர் நிறுவனம் அந்த அளவு கொண்டதாக இருந்தால், இன்னும் மூன்று மாதம் பொறுப்பதனால் அவருக்குக் கிடைப்பது 42,500 ரூபா வீதம் ஐந்து ஆண்டுக்கு 212,500 ரூபா. இன்றே போனால் ஒரு சதமும் இல்லை. நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் ‘அடுத்த மாதமே’ என்பது எப்படியும் நடைமுறைக்கு ஒத்துவராது. புதிய நிறுவனத்திடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிக் காலம் கேட்கலாம். ஒரு கணக்காளர் தன் பணிக்கொடையைக் கணக்குப் பார்ப்பதை எந்தக் கணக்குப் பிரிவும் குறையாக நினைக்காது. அவர்கள் ஒரேயடியாக மறுத்தால், அந்த வேலையில் வளர்ச்சி உண்டு என்று அவர் உறுதியாக நம்புகிறாரா என்பதைப் பொறுத்து முடிவு செய்யட்டும். அப்போதும் அந்த 212,500 ரூபாவைத் தெரிந்தே விட்டதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் பதவி. நீங்கள் மாகாணப் பாடசாலையில் இருப்பதனால், மேல் மாகாணத்துக்குப் போவதென்றால் வட மாகாணம் உங்களை விடுவிக்கவும் வேண்டும், மேல் மாகாணம் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். கணித ஆசிரியரைப் பதிலாள் இல்லாமல் விடுவிக்க எந்த அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் எளிதில் இணங்க மாட்டார்கள். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, கட்டாய சேவைக் காலம் பற்றி அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அந்தக் காலம் முடிந்திருந்தால் அதிபர் ஊடாக இடமாற்ற விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள். விண்ணப்பிப்பதனால் போகவேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டுவிடாது. கிடைக்கும் இடம் கொழும்பு நகரமாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்: கம்பஹா, களுத்துறை மாவட்டங்களும் மேல் மாகாணத்துக்குள்தான் இருக்கின்றன. பாடசாலை எங்கே என்று தெரியாமல் வெள்ளவத்தையில் ஒரு வருடத்துக்கு வீடு எடுப்பது எப்படிப் பொருந்தும்?

சம்பளத்தைப் பொறுத்தவரையும் நீங்கள் அசையாமல் நிற்பவர் அல்லர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட அரச ஊழியரின் அடிப்படைச் சம்பள உயர்வு 2025 ஏப்ரலிலும் 2026, 2027 ஜனவரியிலும் எனக் கட்டம் கட்டமாக வழங்க ஒழுங்கு செய்யப்பட்டது. இருவர் சம்பளத்தையும் ஒப்பிடும்போது கணவரின் எதிர்கால உயர்வை எண்ணிவிட்டு உங்களுடையதை இன்றைய அளவிலேயே நிறுத்துவது சரியான ஒப்பீடு ஆகாது. விலகிய பின் மீண்டும் சேர வேண்டுமானால் போட்டிப் பரீட்சை, வயதெல்லை, புதிய மூப்பு நிலை என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே என் ஆலோசனை, பணிக்கொடைக்குரிய நாள் கடந்த பின் அவர் தனியாகப் போய் தகுதிகாண் காலத்தை (ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம்) முடிக்கட்டும் என்பதுதான். அதற்குரிய கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இருவர் வருமானமும் சேர்ந்து 212,900 ரூபா. அவர் நண்பர்களோடு பகிரும் ஓர் அறைக்கு 25,000, வெளியே சாப்பிடுவதனால் மேலதிகமாக ஏற்படும் செலவு 25,000, மாதம் இருமுறை ஊருக்கு வந்து போக 15,000 என்று வையுங்கள். நீங்கள் கொக்குவில் வீட்டையும் 28,000 ரூபாவுக்கு வைத்திருந்தால் மிஞ்சுவது 119,900. இப்படி ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் குடியிருந்தால் சம்பள உயர்வின் பெரும் பகுதி கரைந்துவிடும். நீங்கள் அந்த ஆறு மாதத்துக்கு மானிப்பாயில் அம்மாவோடு போய் இருந்தால் மிஞ்சுவது 147,900 ஆகிறது. இன்றைக்கு இருப்பதைவிட மாதம் 35,700 ரூபா கூடுதல். ஆறு மாதத்தில் அது 214,200. பணிக்கொடையோடு சேர்த்தால் 426,700 ரூபா. வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு வருட முற்பணம் 1,080,000. உங்கள் 7 இலட்சம் போகக் குறைவது 380,000. நகையை அடகுக் கடையில் வைத்துத் தேட இருந்த பணம், வட்டி இல்லாமல் கைக்கு வந்துவிடுகிறது. (அந்த முற்பணத்தைக் கொடுக்கவே வேண்டுமா என்பதைக் கீழே பேசுகிறேன்.)

பிரிந்திருப்பதற்குப் பணத்தில் அளக்க முடியாத விலை உண்டு என்பதை நான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனி விடிய வந்து, ஞாயிறு இரவே திரும்பி, திங்கள் காலை நித்திரை இல்லாத கண்ணோடு அலுவலகம் போவதை எல்லா வாரமும் செய்ய முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் இளவயதில் தாங்கும். ஆனாலும் இதற்கு ஒரு முடிவு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ‘இடமாற்றம் வரும் வரை’ என்று தொடங்கி ஆண்டுக்கணக்காக இப்படியே நீண்டுபோன குடும்பங்கள் நம் ஊரில் குறைவில்லை. தகுதிகாண் காலம் முடிந்து மூன்று மாதத்துக்குள் உங்கள் இடமாற்றம் பற்றித் தெளிவான பதில் இல்லையென்றால், அவர் திரும்புவதா என்ற கேள்வியையும் சமமாக மேசையில் வைக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைகளை இங்கிருந்தே செய்து கொடுக்கும் நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் தொடங்கியிருக்கின்றன. கொழும்பு அனுபவத்தோடு அவற்றுக்கு விண்ணப்பிப்பவரின் நிலை இன்றைய நிலையாக இருக்காது.

வாடகை வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் தம்பதியர் அதிகம் இழப்பது இங்கேதான். வெள்ளவத்தையில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு, கோயிலும் தமிழ்க் கடையும் ஊர் பஸ்ஸும் காலடியில் இருப்பதற்கான விலை; வெளிநாட்டிலிருந்து வந்து குறுகிய காலம் தங்குவோரும் அதே வீடுகளைத்தான் தேடுகிறார்கள். அவர் அலுவலகம் கொள்ளுப்பிட்டி என்பதால், கரையோர ரயில் நிற்கும் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானைப் பக்கங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். வத்தளையிலும் தமிழர் நிறைய இருக்கிறார்கள், வாடகையும் குறையலாம். ஆனால் களனி ஆற்றைக் கடந்து வரும் காலை நெரிசல் அவருடைய நாளில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். இருவரும் சம்பளத்தோடு போய், எல்லாம் அடங்க 60,000 ரூபாவுக்கு ஒரு வீடு கிடைத்தால், மிஞ்சுவது 152,900 ரூபா. அப்போதுதான் குடும்பமாகப் போவது கணக்கில் நிற்கிறது.

ஒரு வருட முற்பணம் என்று தரகர் சொல்லும்போது, அது மாதாமாதம் வாடகையில் கழிக்கப்படுவதா, அல்லது வாடகையைத் தனியாகக் கட்டி, வீட்டை விடும்போது திருப்பித் தரப்படும் வைப்பா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் முற்றிலும் வேறு. வேலையை உறுதிப்படுத்தாத ஒருவர் பன்னிரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை, ஏனென்றால் ஐந்தாம் மாதத்தில் வீட்டை விட நேர்ந்தால் மிகுதிப் பணத்துக்காக வீட்டுக்காரரின் பின்னால் அலைய வேண்டியவர் நீங்கள்தான். மூன்று மாதத்துக்குப் பேசிப் பாருங்கள். இணங்காதவரை விட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். எழுத்து விடயத்திலும் கவனம் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டிய தாளில் இருவர் கையொப்பமிட்டு வைத்துக்கொண்டு ‘ஒரு வருட உடன்படிக்கை’ இருக்கிறது என்று நம்புவது வழக்கமாகிவிட்டது. பிரச்சினை வரும் நாளில் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது.

அதே கேள்வி கொக்குவில் வீட்டுக்கும் உண்டு. கனடாவில் இருக்கும் உரிமையாளரின் சார்பில் தம்பி வாடகை வாங்குகிறார் என்றால், அவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) இருக்கிறதா? இல்லையென்றால் வாடகையை உயர்த்தும் முடிவு யாருடையது என்பதே தெளிவில்லை. உரிமையாளரோடு நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். வீட்டைப் பூட்டி வைக்காமல் துப்புரவாக வைத்திருக்கும் அரசாங்க உத்தியோகக் குடும்பம் வெளிநாட்டில் இருப்பவருக்கு 12,000 ரூபாவைவிடப் பெறுமதியானது என்பது அவருக்கும் தெரியும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து தங்க ஓர் அறை வேண்டும் என்பதுபோன்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தால் அதையும் வைத்துப் பேரம் பேசலாம். இணங்காவிட்டால், பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியசாலைக்கும் அண்மையில் உள்ள பகுதிகளைத் தவிர்த்து இணுவில், மானிப்பாய்ப் பக்கம் தேடுங்கள். அப்படித் தேடும்போது வாடகையோடு கிணற்றுத் தண்ணீரையும் விசாரியுங்கள். நன்னீர் இல்லாத வீட்டில் குடிதண்ணீருக்கு மாதாமாதம் கொடுக்கும் பணமும் வாடகைதான். எப்படியும் 40,000 ரூபா வாடகைக்குப் பயந்து 96,000 ரூபா வீட்டுக்கு ஓடுவது சரியான காரணம் ஆகாது.

பிள்ளை பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அதற்காக எதையும் தள்ளிப்போடும்படி நான் சொல்லப் போவதில்லை. இரண்டு விடயங்கள் மட்டும். மானிப்பாயில் அம்மா இருப்பது மாதச் சம்பளப் பட்டியலில் தெரியாத வருமானம். கொழும்பில் இருவரும் வேலைக்குப் போவதென்றால் பகல் பராமரிப்பு நிலையத்துக்கோ வீட்டுப் பணியாளருக்கோ கொடுக்க வேண்டியிருக்கும், நீங்கள் வேலையை விட்டால் சம்பளமே போகும். மற்றது, முதலாம் தர அனுமதியில் வதிவிடப் பிரிவுக்குத் தேர்தல் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருந்த ஆண்டுகள் புள்ளியாகக் கணக்கிடப்படுகின்றன. கொழும்பில் குடியேறுவதென்று முடிவானால், குடியேறிய ஆண்டிலேயே கிராம சேவகரிடம் போய்ப் பதிவை மாற்றுங்கள். ஊர்ப் பற்றில் கொக்குவில் பதிவை அப்படியே வைத்திருந்துவிட்டு, பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஓடித்திரியும் பெற்றோர் பலர்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை: உங்கள் கணவர் சம்பளப் பிரிப்பையும் சேரும் திகதியையும் கேட்டு நிறுவனத்துக்கு எழுதட்டும், நீங்கள் நியமனக் கடிதத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் இடமாற்ற நடைமுறையை விசாரியுங்கள், வெள்ளவத்தைத் தரகருக்கு ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம். நிறுவனத்தின் பதில் வந்ததும், அதில் அடிப்படைச் சம்பளம் 165,000 ரூபாவிலிருந்து பெரிதும் குறைந்திருந்தால், மேலே உள்ள தொகைகள் மாறும். அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்பினால் திருத்திக் கணக்கிட்டுத் தருகிறேன்.